நான் விழேல்லைப் பிள்ளை

முதல் அதை வெட்டும் பிள்ளை. நான் விழேல்லை. ஒருக்காலும் விழேல்லை. என்ன எழுதிக் கிடக்கு, எப்பன் சத்தமாய் வாசியும் பாப்பம்... "அடிக்கடி விழுகிறவர்". ஆர் அடிக்கடி விழுகிறவர்? இந்தா, இது ஒரு முழங்கால். இது மற்றது. எங்கையாவது ஒரு கீறல் தெரியுதோ? அந்தத் தழும்பு சைக்கிள் பழகேக்கை பட்டது, அப்ப எனக்குக் கலியாணமும் ஆகேல்லை. அதையும் எழுதிப்போடாதையும்.

இரும், உந்தக் கதிரையிலை இரும். அது ஆடாது, மற்றதுதான் ஆடுறது. என்ன பேர் சொன்னனீர், ஆரபியோ? நல்ல பேர். உம்மிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. முதியோர் இல்லத்திலை வேலை எண்டால் வீடு வீடாய்ப் போய்க் கிழடுகளைப் பாத்து எழுதத்தானே வேணும். ஆனா பாரும், நான் கோழிக்குத் தீன் போட்டிட்டு நிக்கிறன், நீர் ஸ்கூட்டியைப் படலையடியிலை விட்டிட்டு வாறீர், "அம்மா, உங்கடை மகன் கனடாவிலை இருந்து கதைச்சவர், நீங்கள் விழுந்து விழுந்து எழும்புறியளாம், உங்களை எங்கடை இல்லத்துக்கு எடுக்கிறதுக்குப் பாக்க வந்தனான்" எண்டுறீர். எனக்கு எப்பிடி இருக்கும்? விழுந்தது எனக்குத் தெரியேல்லை. கோழிக்குத் தெரியேல்லை. ரொறொன்ரோவிலை இருக்கிறவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

எல்லாத்துக்கும் காரணம் இந்தக் கண்டறியாத மணிக்கூடு. இதுதான், என்ரை கையிலை கிடக்கிறது, பொறும், கழட்டிக் காட்டுறன். ஸ்மார்ட் வோச்சாம். போன மாரியிலை கிணத்தடியிலை பாசி வழுக்கி ஒருக்கா நிலத்திலை குந்தி இருந்திட்டன். விழேல்லை, இருந்தது. விழுறது வேறை, இருக்கிறது வேறை, அதையும் வடிவாய் எழுதும். அதைப் பேசாமல் விட்டிருக்கலாம். என்ரை வாய் சும்மா கிடக்காமல் மகன் கோபிசங்கருக்குப் போனிலை சொல்லிப்போட்டன். அவனுக்கு அங்கை ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியிலை வேலை. எதைப் பாத்தாலும் ரிஸ்க் எண்டுறவன். கிணறு ரிஸ்க், குசினிப் படி ரிஸ்க், முத்தத்துப் பலாமரம் ரிஸ்க். பலாப்பழம் என்ரை தலையிலை விழுமாம். பெத்து வளத்தவளும் இப்ப அவனுக்கு ஒரு ரிஸ்க்தான்.

பிறகு அங்கையிருந்து வந்த ஆரின்ரையோ பெட்டிக்குள்ளை வைச்சு இதை அனுப்பினான். அனுப்பிப்போட்டு என்ன சொன்னவன் தெரியுமோ? "அம்மா, இதைக் கட்டுங்கோ. நீங்கள் நல்லாய் இருக்கிறியள் எண்டு இது சொல்லுற வரைக்கும் நீங்கள் வீட்டிலை இருக்கலாம். இது வேறை மாதிரிச் சொல்லத் துவங்கினா நான் நல்ல ஒரு இல்லம் பாத்து வைச்சிருக்கிறன்." விளங்குதோ பிள்ளை? நானும் மனுசனும் வெங்காயம் வைச்சு, புகையிலை வைச்சு, வெயிலிலை கருகிக் கட்டின வீடு. சண்டைக்கை ஓடி, திரும்பி வந்து, கூரை இல்லாமல் கிடந்ததைத் திருப்பிக் கட்டின வீடு. அதிலை நான் இருக்கலாமோ கூடாதோ எண்டு தீர்ப்புச் சொல்லுறது இந்தத் தீப்பெட்டி.

ம்... குடியும், தேத்தண்ணியைக் குடியும். சீனி காணுமோ?

இதிலை நல்லது ஒண்டும் இல்லையோ எண்டால், இருக்குத்தான். பொய் சொல்லக்கூடாது. கரண்ட் போனா ரோச் மாதிரி வெளிச்சம் வரும். முட்டை அவிய விட்டால் அவிஞ்சிட்டுது எண்டு கையிலை இடிக்கும். போனை எங்கையாவது வைச்சிட்டுத் தேடினா, இதை அமத்த அது கத்தும். மழை வரும் எண்டும் சொல்லும். மழை பெய்து முடியிற நேரத்திலைதான் சொல்லும், எண்டாலும் சொல்லும். இதுக்குள்ளையே ஒரு சிம்மும் போட்டு விட்டிருக்கிறான், போன் வீட்டிலை கிடந்தாலும் இது தன்ரை பாட்டிலை கனடாவுக்குக் கோள் மூட்டும். கோயிலடியிலை வேறை எனக்கு ஒரே மதிப்பு. கனகசபாபதி வாத்தியார் நாலு சனம் பாக்க என்ரை கையிலை இருந்து கழட்டித் தன்ரை கையிலை கட்டி, தன்ரை இதயம் எப்பிடி அடிக்குது எண்டு பாத்தவர். மனுசன் அப்பதான் கற்பூரச் சட்டி தூக்கிக்கொண்டு வீதி சுத்தி வந்து நிண்டவர், இதயம் தாறுமாறாய் அடிக்குது. கொஞ்ச நேரத்தாலை என்ரை போனிலை மகன்ரை மெசேச் ஒண்டு. "அம்மா, பதட்டப்படாதேங்கோ. தண்ணி குடியுங்கோ." வாத்தியாரைத் தண்ணி குடிக்கச் சொன்னனான்.

கூடாததைச் சொல்ல வெளிக்கிட்டால் விடியும். நேரம் பாக்கிறதெண்டால் கையை உதறவேணும். மணிக்கூடு எண்டால் பேசாமல் நேரத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கவேணும். இது உதறினாத்தான் கண் முழிக்கும், அதுகும் கொஞ்ச நேரத்துக்குத்தான். குந்தி இருந்து முருங்கை இலை ஆய்ஞ்சா எழும்பு எண்டும். எழும்பி நிண்டா, கெட்டிக்காரி எண்டும். என்ரை வயதென்ன, அதின்ரை வயதென்ன. படுத்து எழும்பினா நித்திரைக்கு மார்க்ஸ் போட்டு வைச்சிருக்கும். ஓ.எல் சோதினையிலை கூட நான் அவ்வளவு குறைய எடுத்ததில்லை.

இன்னும் ஒண்டு. பக்கத்து வளவுக் கேதீஸ்வரன் வேலிக்குத் தகரம் அடிக்கிறன் எண்டு எல்லையை எங்கடை பக்கம் தள்ளப் பாத்தவன். விடுவனோ? வேலியடியிலை நிண்டு நல்ல கிழி கிழிச்சனான். அவன்ரை தகப்பன்ரை கதை, தகப்பன்ரை தகப்பன்ரை கதை எல்லாம் எடுத்து வைச்சு, இனி முக்கியமான இடத்துக்கு வாறன். கையிலை இடிக்குது. என்ன கோதாரி எண்டு பாத்தா, இங்கிலீசிலை, மூச்சை ஆறுதலாய் உள்ளை இழுங்கோ, ஆறுதலாய் வெளியிலை விடுங்கோ எண்டு போட்டுக் கிடக்கு. நான் கண்ணாடியைப் போட்டு அதை வாசிக்கிறதுக்கிடையிலை அவன் எல்லாம் சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போயிட்டான். இந்த ஒழுங்கையிலை நான் வாயிலை தோத்தது அண்டைக்குத்தான்.

உதெல்லாம் பரவாயில்லைப் பிள்ளை. எனக்கு அரியண்டமாய் இருந்தது நடை. ஒவ்வொரு நாளும் இவ்வளவு அடி நடக்கவேணும் எண்டு அவன் அங்கையிருந்து குறிச்சு விட்டிருக்கிறான். நடக்காட்டி அவன்ரை போனிலை சிவப்பாய்க் காட்டுமாம். என்ரை முழங்காலுக்கு நான் கிணத்தடிக்குப் போய் வாறதே பெரிய காரியம். இல்லை, இல்லை, எழுதாதையும். முழங்கால் நல்லாய்த்தான் இருக்கு. சும்மா சொன்னனான்.

அப்ப ஒருநாள் புட்டுக்குத் தேங்காய் திருவுறன், சும்மா பாத்தா உது நடை எண்டு எண்ணிக்கொண்டிருக்கு. கை ஆடினா நடக்கிறன் எண்டு நினைக்குது போலை. விசர் மணிக்கூடு. பிறகென்ன, காலமை ஒரு தேங்காய், பின்னேரம் ஒரு தேங்காய். திருவலையிலை இருந்துகொண்டே எங்கடை வட்டுக்கோட்டை முழுக்கச் சுத்தி வந்திட்டன். அவனும் "நல்ல நடை அம்மா" எண்டு பெருவிரல் படம் போட்டு விட்டவன். ஆனா தேங்காய் விக்கிற விலைக்கு அப்பிடி எத்தினை நாளைக்கு நடக்கலாம்? அதுக்குப் பிறகுதான் உதயகலாட்டைக் குடுக்கத் துவங்கினது...

என்ன? இல்லையே. உதயகலா எண்டு நான் ஒண்டும் சொல்லேல்லையே.

சரி... சொல்லித்தான் போட்டன். பேனையை வைச்சிட்டு அந்த விசுக்கோத்தை எடும், சொல்லுறன். உதயகலா எண்டு அடுத்த ஒழுங்கையிலை ஒரு பெட்டை. முன்பள்ளியிலை படிப்பிக்கிறாள். காலமை நடந்து போறவள், மத்தியானம் நடந்து வாறவள், இடையிலை அந்தக் குஞ்சுகளோடை ஆடுறதும் பாடுறதும்தான் வேலை. போகேக்கை என்ரை படலையடியிலை வந்து கையை நீட்டுவாள், நான் இதைக் கட்டி விடுவன். வரேக்கை கழட்டித் தந்திட்டு ரண்டு முட்டை கொண்டு போவாள். இண்டைக்கு முன்பள்ளி லீவு, அதுதான் இது என்ரை கையிலை கிடந்தது. அவ்வளவுதான். ஆருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நான் ஒரு நாள் திடீரெண்டு துள்ளி ஆடினதாயும் கனடாவிலை தெரிஞ்சிருக்கும், அண்டைக்கு முன்பள்ளியிலை விளையாட்டுப்போட்டி.

அவனுக்கு ஒரே புழுகம், சந்தோசம் தாங்கேலாது. அம்மா இந்த வயதிலை தன்னை விட நடக்கிறா எண்டு ஒபிசிலை இருக்கிற வெள்ளையளுக்குக் காட்டினவனாம். தன்ரை பெண்சாதிக்கும் சொல்லிக் காட்டினவனாம், அவளுக்கு அது நல்லாய் வேணும். நடந்தது உதயகலா, எண்டாலும் எனக்குப் பெருமையாய்த்தான் இருந்தது பிள்ளை. என்ரை பிள்ளை என்னைப் பற்றி நாலு பேருக்குப் பெருமையாய்ச் சொல்லுறான் எண்டு கேட்டா ஆருக்குத்தான் வயிறு குளிராது?

ஒரு குறை மட்டும்தான். இது வாறதுக்கு முன்னம் அவன் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறவன். சாப்பிட்டனீங்களோ, என்ன கறி, மீன்காரன் வந்தவனோ எண்டு கேப்பான். மயிலிட்டியிலை இருந்து வாற மீன்காரன் என்ன மீன் கொண்டு வந்தவன் எண்டு கேட்டு, அங்கை இருந்து வாயூறுவான். இப்ப எடுக்கிறது குறைவு. ஏனெடா எண்டு கேட்டன். "அதுதான் எல்லாம் தெரியுதே அம்மா" எண்டான். என்ன மீன் எண்டு இது சொல்லுமோ பிள்ளை?

சரி, விடும். உம்மடை விசயத்துக்கு வாறன். நான் விழேல்லை. உவன் ஏதோ பிழையாய் விளங்கியிருக்கிறான், அல்லது இது பழுதாய்ப் போச்சு. எண்டைக்கு விழுந்ததாம்? அதையும் சொன்னவனோ? ... வெள்ளிக்கிழமையோ? வெள்ளிக்கிழமை காலமை நான் வீட்டை விட்டு அசையேல்லை, எல்லாரும் அம்மன் கோயில் தேருக்குப் போயிட்டினம், நான் காலைத் தூக்கிக் கதிரையிலை வைச்சுக்கொண்டு...

பொறும்.

தேரண்டைக்கோ?

ஐயோ கடவுளே. பொறும், பொறும் பிள்ளை. ஐயோ, எனக்குச் சிரிப்பு வருகுது, அழுகையும் வருகுது. நீர் தேருக்குப் போனனீரோ? ஆம்பிளையள் பிரதட்டை பண்ணி உருளுவினம், பொம்பிளையளெல்லாம் பின்னாலை அடியழிக்கிறவை, கண்டிருப்பீர்தானே. தோஞ்சு ஈரச் சீலையோடை ஓரடி வைக்கிறது, முழங்காலிலை விழுந்து நெத்தி மண்ணிலை பட அம்மனைக் கும்பிடுறது. எழும்பி அடுத்த அடி. திரும்பியும் விழுறது. அப்பிடியே கோயில் வீதி முழுக்கச் சுத்தி வரவேணும். உதயகலாவுக்கு நேர்த்தி இருந்தது, மனுசனுக்குக் கட்டாரிலை வேலை சரிவந்தா அடியழிக்கிறன் எண்டு. கோயிலெல்லாம் சுத்துறாய், நல்ல நடை வரும், கட்டிக்கொண்டு போ எண்டு நான்தான் கூப்பிட்டுக் கட்டி விட்டனான். அவள் வேண்டாம் எண்டவள் பிள்ளை. நான்தான்.

இப்ப விளங்குதோ ஆர் விழுந்தது எண்டு?

இந்த மணிக்கூட்டுக்கு என்ன தெரியும்? ரொறொன்ரோவிலை ஆர் அடியழிக்கினம்? விழுந்தா விழுந்ததுதான் அதுக்கு. ஒவ்வொரு அடிக்கும் கையிலை இடிச்சு, விழுந்திட்டீங்களோ, சுகமாய் இருக்கிறியளோ எண்டு கேக்கும். இல்லை எண்டு அமத்தாட்டி உடனை மகனுக்கு அறிவிக்கும். அவள் கண்ணை மூடி அம்மாளாச்சி எண்டு கிடக்கிறாள், எங்கை அமத்திறது? வீதி சுத்தி முடிய இஞ்சை ஓடி வந்தவள், கண்ணெல்லாம் தண்ணி. "குணமக்கா, ஒவ்வொரு தரமும் நான் விழுந்து கும்பிட, என்ரை கை அப்பிடியே அதிர்ந்ததக்கா. அம்மன் என்ரை கையிலை வந்து நிண்டவ அக்கா" எண்டு சொல்லுறாள். நானும் ஒரு படிச்ச மடைச்சி, அவளின்ரை கையைத் தொட்டு என்ரை ரண்டு கண்ணிலையும் ஒத்தினன். தொட்டது இந்தக் கோதாரியை.

சிரியும், சிரியும். எனக்கெண்டால் சிரிக்கிறதுக்கு ஏலாமல் கிடக்கு. இப்ப அவனுக்கு என்னெண்டு சொல்லுறது? விழுந்தது நானில்லையடா எண்டு சொன்னா, மணிக்கூடு ஏன் அவளின்ரை கையிலை எண்டு கேப்பான். அப்ப இவ்வளவு நாளும் நடந்தது ஆர் எண்டு கேப்பான். வெள்ளையளுக்கெல்லாம் காட்டின நடை. விழுந்தனான் எண்டு ஒத்துக்கொண்டாலும் இல்லம், விழேல்லை எண்டு நிண்டால், ஏமாத்துக்காரி, நடக்கவும் ஏலாதவள், அதுக்கும் இல்லம்தான். ஒருத்தரும் செய்யேல்லைப் பிள்ளை, நானே என்ரை கையாலை கட்டி விட்டது.

ஆனா ஒண்டு கேக்கிறன்... உங்களுக்கு அவன் எப்ப போன் எடுத்தவன்? ... வெள்ளிக்கிழமையோ. தேரண்டைக்கே எடுத்திட்டானோ.

நான் வீட்டிலைதான் இருந்தனான் பிள்ளை. போன் இந்த மேசையிலை, என்ரை கைக்கெட்டின தூரத்திலை கிடந்தது. பின்னேரம் வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. பதட்டப்படாதேங்கோ, தண்ணி குடியுங்கோ எண்டு போடுவானே, அப்பிடி ஒரு மெசேச் கூட இல்லை. தாய் விழுறாள், எழும்புறாள், திரும்பி விழுறாள் எண்டு அது அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கு. அம்மா என்னம்மா நடந்தது எண்டு கேக்க அவனுக்கு வரேல்லை. உங்கடை இல்லத்திலை இடம் இருக்கோ எண்டு கேக்க வந்திருக்கு.

பயத்திலை எடுத்திருப்பான். அங்கை அப்ப இரவாய் இருந்திருக்கும். விழுந்து கிடக்கிற மனுசி போனை எடுக்கமாட்டா எண்டு நினைச்சிருப்பான், பாவம். நீர் கேட்டனீரோ, அம்மாவோடை கதைச்சனீங்களோ எண்டு? ... என்ன சொன்னவன்? பரவாயில்லை, சொல்லும் பிள்ளை, எனக்கு ஒண்டும் செய்யாது.

"அறை சரிவந்தாப் பிறகு அம்மாட்டைச் சொல்லுறன்" எண்டோ?

ம்.

நெஞ்சு பத்துது பிள்ளை. இப்ப இதைக் கழட்டி வைச்சிருக்க நல்லதாய்ப் போச்சு, இல்லாட்டி மூச்சை இழுத்து விடு எண்டு சொல்லி என்ரை உயிரை எடுக்கும். இல்லை, நான் அழேல்லை. தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேறை போட்டுத் தரட்டோ? வேண்டாமோ.

அப்ப ஒண்டு செய்வம். உம்மடை கையைக் கொண்டு வாரும். அட, கொண்டு வாரும் பிள்ளை, நான் கடிக்கமாட்டன். இடக்கை. இந்தா, வடிவாய் இருக்கு, எனக்கு இருந்ததை விட உமக்கு வடிவாய் இருக்கு. கொண்டு போம். உங்கடை இல்லத்துக்குக் கொண்டு போம். அந்த அறையையும் எடுங்கோ, யன்னல் பக்கமாய்ப் பாத்து எடுங்கோ. அவன் என்னைப் பாத்தோ முடிவெடுத்தவன்? இதைப் பாத்துத்தானே எடுத்தவன். அப்ப இல்லத்துக்குப் போகவேண்டியதும் இதுதான். சாப்பாடு கேக்காது, கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை, ராவிலை இருமாது. சார்ஜ் போட்டா காணும். உங்களுக்கும் இதை விட நல்ல கிழடு கிடைக்காது.

பொய் எழுதச் சொல்லேல்லைப் பிள்ளை. பாதுகாப்பாய்க் கொண்டு வந்து சேர்த்தாச்சு எண்டு எழுதும். எதை எண்டு எழுத வேண்டாம். நான் இஞ்சை என்ரை வீட்டிலை இருந்து, விழுந்தா விழுந்து, எழும்பினா எழும்பி இருக்கிறன், கேதீஸ்வரனோடை ஆறுதலாய் ஒரு நாள் கதைக்க இருக்கு.

போகப் போறீரோ? ஓம், வெயில் ஏறுது. அப்ப கழட்டாமல்தான் போறீர், என்ன. சிரிக்காதையும், நான் உண்மையாய்த்தான் சொல்லுறன். படலையைச் சாத்திக்கொண்டு போம், கோழி வெளியிலை போயிடும்...

பிள்ளை, பிள்ளை, ஒண்டு. ஸ்கூட்டியை எப்பன் நிப்பாட்டும். அங்கை போய் எந்த நேரமும் இருந்த இடத்திலை இருந்து எழுதிக்கொண்டிராதையும். இடைக்கிடை எழும்பிக் கொஞ்சம் நடந்து திரியும். ஆடாமல் அசையாமல் கிடந்தா அவன் பயந்துபோவான்.